மாட்டியதும் கழற்றியதும்

“மாஸ்டர், எந்த கிராஷ் கார்டு நல்லது? இரும்பா, ஸ்டீலா?”

வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே மாசிலாமணி கேட்டார்.

பிலோமினா ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு சார்?”

“விழுந்தா இன்ஜினுக்கு அடிபடக் கூடாதில்ல?”

“விழுங்க.”

“என்னது?”

“ஒருதரம் விழுங்க. எங்க அடிபடுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

மாசிலாமணி விழவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் ஸ்டீலில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பிலோமினா அதைப் பார்த்தாள். கடலையை நீட்டினாள்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் தண்ணீர் நின்று வெகுகாலமான ஒரு ஏரி. அதன் கல்லிலும் மணலிலும்தான் அவள் மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மாணவர்களில் அவர்தான் மூத்தவர். அவளை ‘மாஸ்டர்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவரும் அவர்தான்.

மாசிலாமணியின் வண்டி தார்ச்சாலையிலும் போகும், தார் முடிந்த இடத்திலும் ஏறும். வாங்கிய நாளில் அது மெலிந்த குதிரை மாதிரி இருந்தது. வாரம் ஒரு சாமான் ஏறியது. கைக்குக் காப்பு, இன்ஜினுக்கு அடித்தகடு, முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு, பின்னால் பக்கத்துக்கொன்றாக அலுமினியப் பெட்டி, நடுவில் மூடி போட்ட இன்னொரு பெட்டி. பள்ளம் மேட்டில் தட்டக்கூடாது என்று நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியையே உயர்த்தினார்.

அப்படியும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கையில் ஃபோன். எவனோ ஒருவன் எங்கோ ஒரு பாலைவனத்தில் எந்த டயர் நல்லது என்று சொல்லிக்கொண்டிருப்பான். சோறு ஆறிப்போகும். இன்னொருவன் அந்த டயர் ஆகாது என்பான். எழுந்து கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வருவார்.

“ஏன் சார் இப்படி?” என்று ஒருநாள் பிலோமினா கேட்டுவிட்டாள்.

“என் வேலை அப்படி மாஸ்டர்.”

அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவராக இருந்தார். ஆயுளில் பாதி அதிலேயே போனது. நசுங்கிய டேங்க், முறுக்கிய ஃபோர்க், ரோட்டோரம் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. கண்ணை மூடினால் ஊர் பேர் வராது, வண்டிதான் வரும்.

“இந்தக் காப்பு மட்டும் இருந்திருந்தா அந்த ஆளுக்குக் கை தப்பிச்சிருக்கும். அந்த விளக்கு இருந்திருந்தா அந்தப் பொண்ணு லாரியைப் பார்த்திருக்கும். எல்லாத்தையும் பார்த்தவன் நான். பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

“அப்புறம் எதுக்கு வண்டி வாங்கினீங்க?”

மாசிலாமணி மலையைப் பார்த்தார்.

“விபத்து நடக்காத ஒரு ரோட்டைப் பார்க்கணும்னு ஆசை.”

“அப்படி ஒண்ணு இருக்கா?”

“தெரியல. நான் போனதெல்லாம் நடந்த இடத்துக்குத்தான்.”

பிலோமினா எழுந்து வந்தாள். அவருடைய வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தாள். மெதுவாக, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி, அதை மணலில் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

“தூக்குங்க.”

அவர் தூக்கினார். வண்டி அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தூக்கினார். மூச்சு வாங்கியது. பெட்டி இடித்தது, கம்பி இடித்தது. முழங்காலில் மணலோடு நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“மாஸ்டர், இதைத் தூக்கறதுக்கு ஏதோ ஜாக்கி வந்திருக்காமே?”

பிலோமினா டீ குடிக்கப் போய்விட்டாள்.

ஐப்பசி மழை விட்டதும் அவள் சொன்னாள்: “நாளைக்கு மலைக்குப் போறோம்.”

“டயர் இன்னும் வரலை மாஸ்டர்.”

“வெயில் வந்திருக்கு.”

அவர் சரியாகத் தூங்கவில்லை. காலையில் பெட்டிகளில் மருந்து, பஞ்சர் சாமான், கயிறு, பட்டைவார், மாற்றுடை, தண்ணீர் என்று அடைத்துக்கொண்டு வந்தார். பிலோமினா தன் பழைய ஒற்றைச் சீட்டுப் பந்தய வண்டியில் நின்றாள். முதுகில் ஒரு பை. அவ்வளவுதான்.

மலையேறும் வழியில் ஒரு வளைவில் ரோட்டைக் காட்டாறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. கார் போக வழியில்லை. மலைப்பக்கம் சேறும் உருண்டைக் கல்லுமாக ஒரு ஒற்றையடித் தடம் மட்டும் மிச்சம். மறுபக்கம் பள்ளம்.

பிலோமினா நின்றவாக்கில் ஓட்டிக் கடந்துவிட்டாள்.

மாசிலாமணி அந்தக் கற்களைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். கண்ணுக்குள் அவர் மதிப்புப் போட்ட விபத்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பாதி தூரத்தில் கை இறுகியது, வண்டி நின்றது, மலைப்பக்கமாகவே சாய்ந்தது.

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். மிச்சத் தூரத்தை அவர் இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்தார்.

“திரும்பிடலாமா மாஸ்டர்?”

“திரும்பினாலும் இதே வழிதான் சார்.”

மேலே மேல்சோலை என்று ஒரு சிற்றூர். முதல் வீட்டு வாசலிலேயே கூட்டம். அழுகைச் சத்தம் கேட்டது.

விறகு அடுக்கும்போது சடைச்சி என்ற பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. வலது கை, கட்டைவிரலுக்குப் பக்கத்தில். நாற்பது வயதிருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் செருகியிருந்தது.

“ஆம்புலன்ஸ் வந்துட்டுதுங்க” என்றாள் அவளுடைய நாத்தனார் பொன்னி. “ரோடு அறுந்த இடத்துக்கு அந்தாண்ட நிக்குது. ஆம்பிளைங்க எல்லாம் கடுக்கா பொறுக்கக் காட்டுக்குள்ள போயிட்டாங்க. தொட்டில் கட்டித் தூக்க ஆள் இல்ல.”

பிலோமினா தன் வண்டியைப் பார்த்தாள். பின்சீட்டு கிடையாது.

“சார், உங்க வண்டிதான்.”

“நீங்க ஓட்டுங்க மாஸ்டர்!” மாசிலாமணியின் குரல் கீச்சிட்டது. “நான் அந்தத் தடத்துல விழுந்தவன். நீங்க பார்த்தீங்க.”

“வண்டியை உசத்தி வச்சிருக்கீங்க. பின்னாடி ஆளை வச்சுக்கிட்டு நிறுத்தணும்னா என் கால் தரையில எட்டாது. நான் முன்னாடி வழி பிடிக்கிறேன். நீங்க வாங்க.”

“முடியாது.”

பிலோமினா ஸ்பேனருக்காகக் கையை நீட்டினாள்.

மாசிலாமணி கொடுத்தார். பிறகு தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுப்பெட்டி இறங்கியது. பக்கப் பெட்டிகள் இறங்கின. அவற்றைத் தாங்கியிருந்த தட்டு இறங்கியது. திருடன் கழற்றக்கூடாது என்று அவரே தேடி வாங்கிய போல்ட் ஒன்று சுற்றவே மாட்டேன் என்றது. அதை அவர் வாய்விட்டுத் திட்டினார். விரல் முட்டியில் ரத்தம் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண் உலக்கையை நீட்டினாள். ஒரே தட்டு. போல்ட் போன இடம் தெரியவில்லை.

சாமான்கள் வாசலில் குவிந்தன. வண்டி மறுபடியும் மெலிந்தது.

சடைச்சியைத் தூக்கி உட்காரவைத்தார்கள். கடிபட்ட கையை அசையாமல் துண்டால் மார்போடு கட்டியிருந்தார்கள். அவள் இடது கையால் பின்னால் துழாவினாள். பிடிக்கும் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பெட்டிக்காக அவர் அதை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்.

“எதைச் சாமி பிடிச்சுக்கிறது?”

“அவரைப் பிடிச்சுக்கம்மா” என்றாள் பிலோமினா. பெட்டி கட்டும் பட்டைவாரை எடுத்து இருவரையும் சேர்த்து இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

வண்டி கிளம்பியது.

முன்னால் பிலோமினா கையைத் தூக்கி இடம், வலம் என்று காட்டிக்கொண்டே போனாள். மாசிலாமணிக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. முதுகில் ஒரு தலை சாய்ந்தது. வயிற்றில் ஐந்து விரல்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. அவரை அப்படி யாரும் பிடித்ததில்லை.

விரல்கள் தளர்ந்தன.

“அம்மா! தூங்காதீங்க. பேசுங்க.”

“என்னத்தப் பேச?”

“எதையாச்சும்.”

“உன் பேரு?”

“மாசிலாமணி.”

“ஊட்டுல?”

“யாரும் இல்லை. கல்யாணம் கட்டிக்கல.”

“ஏன்?”

கல் ஒன்று சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. வண்டி ஆடி நேரானது.

“பயமா இருந்துச்சு” என்றார்.

முதுகில் ஒரு குலுங்கல். சிரிக்கிறாளா, வலிக்கிறதா என்று தெரியவில்லை.

“பொஞ்சாதிக்கேவா?” நாக்கு குழறியது.

“இல்லம்மா. ஒருத்தி வந்து, அவளுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு.”

பின்னால் பேச்சில்லை.

ரோடு அறுந்த வளைவு வந்தது. அந்தாண்டை ஆம்புலன்ஸின் வெள்ளை தெரிந்தது. நடுவில் அதே சேறு, அதே கல், அதே பள்ளம்.

பிலோமினா கடந்துபோய் அக்கரையில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கையைக் காட்டவில்லை. வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

நசுங்கிய வண்டிகள் மறுபடியும் வரிசை கட்டின. மாசிலாமணியின் முழங்கால் நடுங்கியது, தோள் நடுங்கியது. நடுங்குவது தன் உடம்பா இன்ஜினா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அம்மா.”

பதில் இல்லை.

“அம்மா!”

சட்டையைப் பிடித்த விரல்கள் லேசாக இறுகின. அவ்வளவுதான்.

அவர் கிளட்சை விட்டார்.

முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறிச் சறுக்கியது. மனசு நிறுத்து என்று கத்தியது. கை நிறுத்தவில்லை. பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் நழுவிப் பிறகு எதையோ கவ்விக்கொண்டது. சேறு, கல், மறுபடியும் சேறு. அப்புறம் தார்.

யாரோ வாரை அவிழ்த்தார்கள். யாரோ அவளைத் தூக்கினார்கள். கதவு சாத்தும் சத்தம், சைரன்.

மாசிலாமணி இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டைவார் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

“மாஸ்டர், பிழைச்சுப்பாங்களா?”

“தெரியல சார்.”

அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

அன்றும் மறுநாளும் அடிவாரத்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். செருப்பு தேய நடந்தார். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் ஓடிப்போய் நின்றார். “நீங்க என்ன உறவு?” என்று நர்ஸ் கேட்டாள். சொல்லத் தெரியாமல் வண்டியைக் கைகாட்டினார்.

மூன்றாம் நாள் சடைச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள் என்று செய்தி வந்தது. பிலோமினாவும் அவரும் உள்ளே போனார்கள்.

கட்டிலோரம் பொன்னி இருந்தாள். அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயா, உங்க சாமான் எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு பொட்டில மட்டும் கோழி அடைக்கு உட்கார்ந்துட்டுது. குஞ்சு பொரிக்கட்டும், கொண்டாந்து கொடுத்துடறோம்.”

“அதுவே வச்சுக்கட்டும்மா” என்றார் மாசிலாமணி.

சடைச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு இது?”

“உன்னைக் கூட்டியாந்தவரு” என்றாள் பொன்னி.

“எனக்கு மூஞ்சி தெரியலையே.” வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “திரும்பு சாமி.”

மாசிலாமணி திரும்பி நின்றார். அவள் முதுகைப் பார்த்தாள்.

“ஆமா. இவருதான்.”

வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்துக் கைகளைப் பிசைந்தார். உறங்காத கண் சிவந்திருந்தது. ஒன்றைக் கேட்காமல் அங்கிருந்து போக முடியாது என்று தோன்றியது.

“அம்மா, அந்த வளைவுல எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாம? உன் முதுகு மேலதானே கிடந்தேன்.”

“மன்னிச்சிடுங்க. அந்த நேரத்துல உங்களையும் பயமுறுத்திட்டேன்.”

“பயமா? அப்பத்தான் சாமி எனக்குத் தெம்பே வந்துச்சு.”

“ஏன்?”

சடைச்சி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பயப்படாதவன் பின்னாடி எவ உட்காருவா?”