வெண்ணி மூழ்கும் காட்சி

"குறை ஒன்றும் இல்லை, அம்மையே. அதுதான் என் குறை."

எயினனுக்கு மூச்சு வாங்கியது. அறுபதைத் தாண்டியவர். மலை ஏறி வந்திருக்கிறார்.

குகை வாசலில் அமர்ந்திருந்த குரத்தியார் அவரைவிட மிகவும் இளையவர். சமணத் துறவி. மழித்த தலை, ஒற்றை வெள்ளாடை, கையில் மயிற்பீலி. எயினன் பல ஆண்டுகளாக அவருடைய மாணாக்கர். ஆனால் மனம் நொந்தால் மட்டும்தான் மலையேறுவார்.

"எதில் குறை இல்லை?"

"வேளின் இசைக்கூத்தில்."

"நல்லதுதானே?"

"இல்லை. நாளை பௌர்ணமி. அதற்குள் நான் ஒரு குறை கண்டுபிடித்தாக வேண்டும். வேளின் கட்டளை."

குரத்தியார் பீலியால் எதிரே இருந்த பாறையை மெல்ல வருடினார். எறும்புகள் ஒதுங்கின.

"உட்காரும். சொல்லும்."

எயினன் அந்த நாட்டின் கூத்து நோட்டக்காரர். பொற்காசை உரசிப் பார்க்க ஒருவர் இருப்பதுபோல் கூத்தை உரசிப் பார்க்க அவர். எந்தக் கூத்தும் ஊர் கண்ணில் படுவதற்கு முன் அவர் கண்ணில் பட வேண்டும். விளக்கு எங்கே நிற்கிறது, திரை எப்போது விழுகிறது, குழல் முந்துகிறதா, முழவு பிந்துகிறதா, எதுவும் தப்பாது. அவர் தலையசைத்தால் அந்தக் குழுவுக்கு வாழ்வு. உதட்டைப் பிதுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாட்டை ஆண்டவர் வேள் ஆதன். சிற்றரசர். அவருக்கு ஒரே மகள், வெண்ணி. பத்து வயதில் அரண்மனைக் குளத்தில் மூழ்கி இறந்துபோனாள்.

வேள் அழவில்லை. சிதைக்குத் தீ வைத்தபோதும் அழவில்லை.

அதன் பிறகு ஒருநாள் கூத்துக்கு ஆணையிட்டார். அவள் பிறந்தது, நடை பழகியது, அப்பா போருக்குப் போனது, அவள் தனியாகக் குளத்தில் இறங்கியது, மூழ்கியது. எல்லாம் பாட்டாக வர வேண்டும். எல்லாம் கண்முன் நடக்க வேண்டும்.

அப்படி ஓர் அரங்கை அந்த நாடு பார்த்ததில்லை. துளையிட்ட மூங்கில்களிலிருந்து மழை பெய்தது. கப்பியில் ஏறி நிலவு உதித்தது. மேடையின் நடுவே கல்லால் தொட்டி கட்டி, குளத்துத் தண்ணீரையே கொண்டுவந்து நிரப்பினார்கள்.

"முதல் தடவை என்ன சொன்னீர்?" என்று கேட்டார் குரத்தியார்.

"நிலவு மஞ்சளாக இருக்கிறது என்றேன். துணியைக் கழற்றிவிட்டுக் பளபளக்கும் காக்காய்ப்பொன் தகடு பதித்தார்கள். நிலவு வெளுத்தது."

"பிறகு?"

"யாழ் முந்தி அழுகிறது என்றேன். அவள் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே அழுதால் கேட்பவனுக்கு அழ என்ன மிச்சம்? மாற்றினார்கள். அதுவும் சரியாயிற்று."

"பிறகு?"

எயினன் தயங்கினார்.

"வெண்ணியாக நடிப்பவள் பூதி. பெரிய பெண்தான், ஆனால் குழந்தை உடம்பு, குழந்தைக் குரல். மூழ்கும்போது கையை அழகாகத் தூக்கினாள். மூழ்குகிறவர்கள் அப்படித் தூக்க மாட்டார்கள் என்றேன். சத்தமும் போட மாட்டார்கள், சத்தம் போட மூச்சு ஏது என்றேன். திருத்திக்கொண்டாள்."

"பிறகு?"

"தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சுவிட வாயில் ஒரு நாணல் வைத்திருந்தாள். நுனி வெளியே தெரிந்தது."

"சொன்னீரா?"

"குளத்தின் நடுவில் நாணல் முளைக்காது என்றேன்."

காற்று குகைக்குள் போய்த் திரும்பியது.

"நாணலை எடுத்துவிட்டார்கள்," என்றார் எயினன். "அடியில் ஓர் இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முழவு நிற்கும்வரை உள்ளேயே இருக்கிறாள். போன தடவை வெளியே வந்தபோது மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துணியில் ரத்தம்."

"பார்த்தீர் அல்லவா?"

"பார்த்தேன். அந்த இடத்தில் சிவப்பு பொருந்தவில்லை என்று நினைத்தேன், அம்மையே. அதைத்தான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அது ரத்தம் என்று உறைத்தது."

குரத்தியார் பீலியை மடியில் வைத்தார்.

"என் கண்ணுக்கு என்ன ஆயிற்று? என் மனைவி இறந்த அன்றும் இப்படித்தான். தலைமாட்டில் இருந்த விளக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எழுந்துபோய் நகர்த்தி வைத்தேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்."

அவர் குரல் உடைந்தது. கண்ணில் மட்டும் நீர் வரவில்லை.

"இப்போது கூத்து முழுமையாகிவிட்டது. வேள் மட்டும் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்புகிறார். 'இன்னும் ஏதோ குறைகிறது, எயினரே. என்ன என்று சொல்லும்' என்கிறார். எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்ய?"

"அந்தக் காட்சியைச் சொல்லும்."

"எதை?"

"மூழ்குவதை. ஒன்றுவிடாமல் சொல்லும்."

எயினன் எழுந்தார். எழுந்ததுமே முதுகு நிமிர்ந்தது.

"அந்தி மயங்குகிறது, அம்மையே. மழை இப்போதுதான் நின்றிருக்கிறது. மூங்கில் நுனியில் இன்னும் சொட்டுகிறது, அந்தச் சொட்டுத்தான் தாளம். பூதி படியில் நிற்கிறாள். 'அப்பா வருவார், ஆம்பல் கேட்பார்' என்று பாடுகிறாள். இறங்குகிறாள். ஒரு படி, இன்னொரு படி. குழல் நிற்கிறது. நிலவு ஏறுகிறது, கப்பியின் ஓசை துளியும் கேட்காது, எண்ணெயில் ஊறப்போட்ட கயிறு. நான் சொன்னதுதான். தண்ணீர் அவள் கழுத்துக்கு வருகிறது. பாட்டு பாதியில் அறுகிறது. அறுந்த இடத்தை யாழ் எடுத்துக்கொள்கிறது, அடடா, அந்த இடம்! கூந்தல் மட்டும் மேலே பாசிபோல விரிகிறது. பிறகு அதுவும் இல்லை. ஒற்றை முழவு. அலை ஓய்கிறது. நிலவு தண்ணீரில் உடைந்து கிடந்தது, மெல்ல மெல்ல ஒன்று கூடி வட்டமாகிறது. முழு வட்டம். அவ்வளவுதான். திரை."

நின்றார். முகம் மலர்ந்திருந்தது. குரத்தியார் என்ன சொல்வார் என்று பார்த்தார்.

குரத்தியாரின் முகம் கறுத்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூச்சு இல்லை.

"அம்மையே!"

கையை நீட்டினார். துறவியை ஆண் தொடக்கூடாது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மையே! போதும்! போதும்!"

குரத்தியார் மூச்சை விட்டார். குனிந்து வெகுநேரம் இருமினார்.

"எப்போது மூச்சை அடக்கினீர்கள்?"

"நீர் எழுந்தபோது."

"நான் பார்க்கவில்லையே."

"என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்."

கமண்டலத்தை எடுத்துக்கொண்டு குரத்தியார் குகைக்குள் போய்விட்டார். எயினன் வெயில் தாழும்வரை அங்கேயே நின்றார். குரத்தியார் திரும்பி வரவில்லை.

மறுநாள், கூத்து தொடங்கும் முன், எயினன் வேளின் எதிரே நின்றார்.

"கூத்தை நிறுத்திவிடுங்கள், வேளே."

"குறை கண்டீரா?"

"இல்லை."

"குறையில்லாத கூத்தை ஏன் நிறுத்த வேண்டும்?"

"அந்தப் பெண் செத்துவிடுவாள்."



"ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்துவிடுகிறாளே," என்றார் வேள்.

கோபமாகச் சொல்லவில்லை. எப்படிச் சொன்னார் என்று எயினனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இந்தத் தடவை முழவை இன்னும் ஓர் ஆவர்த்தம், ஒரு முழுச் சுற்று, அடிக்கச் சொல்லியிருக்கிறேன்," என்றார் வேள். "ஒருவேளை அதுதான் குறையோ என்னவோ."

எயினன் பூதியைத் தேடிப் போனார். ஒப்பனை அறையில் கூந்தலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து கும்பிட்டாள். குரல் கரகரத்திருந்தது.

"பூதி, இன்று சீக்கிரம் எழுந்துவிடு, அம்மா. முழவு நிற்கும்வரை இருக்காதே."

"எழுந்தால் கூத்து கெட்டுவிடுமே, ஐயா?"

"கெடட்டும்."

அவள் சிரித்தாள். நோட்டக்காரர் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்கள் ஊரில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், ஐயா. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை சரியில்லை என்றீர்கள், திருத்தினேன். நாணல் என்றீர்கள், எடுத்துவிட்டேன். வேளுக்காகவா உள்ளே கிடக்கிறேன்? உங்கள் கண்ணுக்காகத்தான்."

"நன்றாக இருக்கிறது, பூதி. எல்லாம் நன்றாக இருக்கிறது. போதும்."

"இல்லை, ஐயா. இன்று பாருங்கள். இன்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. இத்தனை நாள் தான் சொன்னதெல்லாம் விழுந்தது, இது மட்டும் விழவில்லை என்று எயினன் நினைத்துக்கொண்டார். முதல் மணி அடித்தது. ஏவலர்கள் வந்து அவரை அழைத்துப்போய் வேளின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

மழை பெய்தது. நின்றது. மூங்கில் சொட்டியது.

பூதி படியிறங்கினாள். பாடினாள்.

எயினன் நிலவைப் பார்க்கவில்லை. யாழ் வந்த இடம் அவருக்குத் தெரியவில்லை. அவள் தலை தண்ணீருக்குள் போனதும் தன் மூச்சை அடக்கிக்கொண்டார். அவராக அடக்கவில்லை. அதுவாக அடங்கியது.

கூந்தல் விரிந்தது. மறைந்தது.

முழவு ஒலித்தது.

அவர் நெஞ்சு அடைத்தது. காது இரைந்தது. சபையில் யாரோ "ஆகா" என்றார்கள். முழவு வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை.

எயினனால் முடியவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

தண்ணீர் அசையவில்லை. நிலவு அதில் முழு வட்டமாகக் கிடந்தது.

எழுந்தார். யாரோ அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்கள். அதை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். மேடை விளிம்பில் முட்டி இடித்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. அது நினைவுக்கு வந்தபோது தண்ணீரில் விழுந்திருந்தார்.

நிலவு சிதறியது. கப்பிக்காரன் பயந்துபோய்க் கயிற்றை விட, மேலிருந்த நிலவு மேடையில் விழுந்து உடைந்தது. முழவு நின்றது.

எயினன் கண்மூடித் துழாவினார். கூந்தல் கையில் சிக்கியது. இழுத்தார். அவள் விரல்கள் வளையத்தில் இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தன் கால் தரையில் நிற்பது தெரிந்தது.

யாழ்க்காரர்கள் ஓடிவந்து பூதியை வாங்கிக்கொண்டார்கள். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீர் கொட்டியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூச்சு, கிழிந்த துணிபோல.

எயினன் தொட்டிக்குள்ளேயே நின்று அழுதார். மனைவிக்காகவா, இவளுக்காகவா, தெரியவில்லை. சத்தமாக அழுதார்.



வேள் ஆதன் எழுந்தார். படியிறங்கி மேடைக்கு வந்தார். எயினனின் தலை இன்று போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எயினனும் அப்படித்தான் நினைத்தார். கும்பிடக்கூட இல்லை.

வேள் தொட்டியின் விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்தார். பிறகு பட்டும் அணியுமாக அப்படியே உள்ளே இறங்கினார்.

தண்ணீர் அவர் மார்பு வரைதான் வந்தது.

"இவ்வளவுதான் ஆழம்," என்றார். "குளத்திலும் இவ்வளவுதான்."

எயினன் பக்கம் திரும்பினார்.

"அன்று நான் போருக்கெல்லாம் போகவில்லை, எயினரே. கரையில்தான் உட்கார்ந்திருந்தேன்."

இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீருக்கு மேலே விரித்து அவற்றையே பார்த்தார்.

"விளையாடுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினேன்."