சமநோக்கு மன்னரும் துபாஷி நெய்தலியும்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. கடலில் உப்பு இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்த காலத்தில், வெண்மணல்பட்டினத்தை ஒரு மன்னர் ஆண்டார். பெயர் சமநோக்கு வழுதி. அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

பட்டினத்தின் ஓரத்தில் கரைக்காரர்கள் என்ற சிறு கூட்டம் வாழ்ந்தது. ஏழு தலைமுறைக்கு முன் மரக்கலத்தில் வந்திறங்கியவர்கள். ஊராருக்கு இன்னமும் நேற்று வந்தவர்கள்.

அரிசி விலை ஏறியது. கரைக்காரர்கள் அதிகம் தின்கிறார்கள் என்றார் மன்னர். ஏரி உடைந்தது. அவர்கள் அதில் குளித்தார்கள் என்றார். பட்டத்து யானைக்குப் பேதி கண்டது. அவர்கள் அதைப் பார்த்தார்கள் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஏரிக்கரை கட்டுவதைவிட அது சுலபம்.

அந்த நாளில், பிறநாட்டார் பேச்சை மொழிபெயர்க்க அரண்மனைக்கு ஒரு துபாஷி வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பறையறைந்தார்கள். கப்பலுக்குக் கீல் பூசும் கரைக்காரர் திரையனின் மகள் நெய்தலி, பல துறைமுகங்களின் பாஷை அறிந்தவள். போகிறேன் என்றாள்.

"நம்மை அவங்க மறந்திருக்கிற நாள்தான் நமக்கு நல்ல நாள், தாயி" என்றார் திரையன்.

"மறந்தே இருந்தா வேலை எப்பப்பா கிடைக்கும்?"

'யார் வேண்டுமானாலும்' என்ற சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

மற்றவர்களிடம் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்கள். அவளிடம், மன்னரை நேசிக்கிறாயா, எவ்வளவு, அதற்கு யார் சாட்சி என்று கேட்டார்கள். ஆனாலும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. மிளகு வாங்க வரும் தூதுவரின் பாஷை வேறு எவருக்கும் தெரியாது. தவிர, பக்கத்தில் ஒரு கரைக்காரி நின்றால் மன்னரின் பெயருக்கும் பொருத்தமாக இருக்கும்.

தூதுவர் வந்த அன்று மன்னர் அவளைத் தனியே அழைத்தார். ஜனங்களுக்குப் பிடித்ததைத் தான் பேசுவதாகவும், தூதுவருக்குப் பிடித்ததை அவள் சொன்னால் போதும் என்றும் விளக்கினார். "சொன்னால் உன் கூட்டத்துக்கே அரண்மனைக் கதவு திறக்கும். இல்லையென்றால் கடல் திறந்துதான் இருக்கிறது."

சபையில் மன்னர் முழங்கினார்: "கடலிலிருந்து வந்தவர்கள் நம் சோற்றைப் பறிக்க வந்தவர்கள். ஒருநாள் கடலுக்கே துரத்துவோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் தூதுவர் நெய்தலியைப் பார்த்தார். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு பொய் சொன்னால் தன் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை. ஆனால் அந்தப் பொய்யை நம்பி இவர் தன் ஆட்களை இந்தக் கரையில் இறக்குவார். அவர்களும் நாளைக்குக் கடலிலிருந்து வந்தவர்கள்தானே. ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தாள்.

"நானும் கடல்வழி வந்தவன்" என்று சொல்லித் தூதுவர் எழுந்தார். கப்பல்கள் அடுத்த துறைமுகத்துக்குத் திரும்பின.

"அவனிடம் என்ன சொன்னாய்?" என்று சீறினார் மன்னர்.

"நீங்கள் சொன்னதைத்தான், அரசே."

அதைவிடப் பெரிய அவதூறு மன்னருக்குக் கிடையாது. அவளைச் சிறையில் தள்ளி, கரைக்காரர்களை விரட்ட ஆணையிட்டார்.

ஆனால் மண்டிகளில் மிளகு பூசணம் பிடித்தது. அதிகமாகக் கைதட்டிய வணிகர்களுக்கு அதற்குப் பிறகு நியாய உணர்ச்சி பொங்கியது. தூதுவர் நம்பும் வாய் ஒன்றுதான், அதைச் சிறையில் வைத்திருக்கிறீர்கள் என்று மன்னரிடம் முறையிட்டார்கள்.

வெளியே வந்த நெய்தலி, விரட்டும் ஆணை போகவேண்டும், அரண்மனை வேலைக்கு எல்லாருக்கும் ஒரே கேள்விகள் கேட்கவேண்டும் என்றாள். வேறு வழியில்லாமல் மன்னர் தலையசைத்தார். அவள் தூது போனாள், கப்பல்கள் வந்தன. மன்னர் அதன்பின் சபையில் அதிகம் பேசுவதில்லை. பட்டினம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இதன் நீதி: குடிகளைப் பிரித்துப் பேசிக் கைதட்டல் வாங்கும் ஆட்சி, அந்தப் பேச்சு உள்ளபடி வெளியே கேட்கும் நாளில் தலைகுனியும்.