சாமிக்குப் போன உப்பில்லாப் பொங்கல்

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில் தென்னவராயன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பான்.

ஒருநாள் கோயிலுக்கு வந்து சொன்னான்: "கடவுள் இருக்கார்னு உச்சிவேளைக்குள்ள நிரூபிங்க. இல்லேன்னா நாளையிலேருந்து இந்த மடைப்பள்ளியில அடுப்பு எரியாது."

கோயில் சமையற்காரர் கோதண்டத்துக்குக் கை கால் ஓடவில்லை. அந்த அடுப்பை நம்பித் தினமும் முந்நூறு ஏழைகள் பந்தியில் உட்காருகிறார்கள். அவருக்கோ பொங்கல் கிண்டத் தெரியும், வாதம் பண்ணத் தெரியாது. கண்ணை அடுப்பிலும் காதை மண்டபத்திலும் வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று பண்டிதர்கள் வந்தார்கள்.

பானை இருந்தால் குயவன் இருப்பான், உலகம் இருந்தால் அதைச் செய்தவர் இருப்பார் என்றார் முதலாமவர். "அந்தக் குயவனைச் செஞ்சது யாரு?" என்றான் ராஜா. முதலாமவர் உட்கார்ந்தார்.

ஒன்றை இன்னொன்று தள்ளுகிறது, எல்லாவற்றையும் முதலில் தள்ளிவிட்டவரே கடவுள் என்றார் இரண்டாமவர். "முதல்னு ஒண்ணு இருந்தே ஆகணுமா?" என்றான் ராஜா. இரண்டாமவரும் உட்கார்ந்தார்.

மூன்றாமவர் கெட்டிக்காரர். நினைக்கக்கூடியதிலேயே உயர்ந்தவர் கடவுள், இல்லாமற்போனால் அவர் உயர்ந்தவராக முடியாது, ஆகவே இருக்கிறார் என்றார். ராஜா கண்ணை மூடினான். "உலகத்திலேயே உசந்த பாயசத்தை நெனச்சுட்டேன். எங்கே, வரச் சொல்லுங்க." மூன்றாமவரும் உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலைச் சாமிக்குப் படைத்தாயிற்று. மணியும் அடித்தாயிற்று. ராஜா பசியோடு இலைமுன் உட்கார்ந்தான். பானையைத் தூக்கப் போன கோதண்டம் திகைத்து நின்றார். அளந்து வைத்த உப்பு கொட்டாங்கச்சியில் அப்படியே இருந்தது. வாதம் கேட்ட நினைப்பில் போட மறந்திருந்தார். படைப்பதற்கு முன் ருசி பார்ப்பது கோயிலில் வழக்கமில்லையே!

இப்போது உப்பைக் கரைத்து ஊற்றினால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கோதண்டம் ராஜாவிடம் போய்க் கைகட்டி நின்று நடந்ததைச் சொன்னார்.

"இப்போ போட்டுக் கிளறுங்க ஐயா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நமக்குச் சரியாப் போயிடும் மகாராஜா. சாமி உப்பில்லாம சாப்பிட்டுட்டாரே. அவருக்கு மறுபடி பொங்கிப் படைச்சுட்டுத்தான் பந்தி."

"எனக்குப் பசிக்குது. காக்க வச்சா இப்பவே அடுப்பை மூடிடுவேன்."

கோதண்டத்தின் கண் கலங்கியது. "மூடறதும் மூடாததும் உங்க சித்தம். தெரிஞ்சே அவரை ஏமாத்த என்னால ஆகாது."

ராஜா பண்டிதர்கள் பக்கம் திரும்பினான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "பண்டிதர்களே, நீங்க மூணு பேரும் கடவுள் இருக்கார்னு வாதாடினீங்க. அவர் என்ன சாப்பிட்டார்னு கவலைப்பட்டது இவர் ஒருத்தர்தான். கடவுள் இருக்காரா, எனக்கு இன்னும் தெரியாது. ஆனா யாரும் பார்க்காத தப்பை ஒத்துக்கிற மனுஷனை இன்னைக்குப் பார்த்துட்டேன். எனக்கு அது போதும், அடுப்பு எரியட்டும்."

மறுபடி பொங்கல் வெந்தது. முதல் பானையிலும் உப்புச் சேர்ந்தது. அன்று முந்நூறு பேரும் இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். ராஜா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கடவுள் இருக்கிறார் என்று ஊருக்கு நிரூபிப்பதைவிட, அவர் பார்க்கிறார் என்று நம்பி யாருக்கும் தெரியாத இடத்திலும் நேர்மையாக நடப்பதே மேல்.