ஈ கழுவிய கை

ஈயும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஈயைப்போல நல்ல மனுஷன் ஊரில் கிடையாது என்று பேர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். நோயாளியின் பாயில் உட்காருவார், தலையணையில் உட்காருவார், வாந்தி எடுத்த சட்டியிலும் உட்காருவார். "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்படியே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். விசாரிக்கப் போகாவிட்டால் குறை சொல்லும் ஊர் அது. விசாரிக்க வந்தவர் கையில் என்னத்தை ஒட்டிக்கொண்டு வந்தார் என்று ஒருவரும் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கிணற்றுத் தண்ணீர் கலங்கி, தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றுப்போக்கும். பேச்சித்தாய் மட்டும் தன் வீட்டைப் பொத்திப் பொத்திக் காத்தாள். அவளுக்கு ஒரே பெண் குழந்தை. அப்போதுதான் கஞ்சி குடிக்கப் பழகியிருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள், சோற்றை மூடிவைத்தாள். வாசலில் செம்பு நிறையத் தண்ணீரும் பக்கத்தில் சாம்பலும் வைத்து, யார் வந்தாலும் கை கழுவாமல் உள்ளே விடமாட்டேன் என்று நின்றாள். சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர்தான் வற்றியது. புருஷன் கொம்பையாவே வயலிலிருந்து வந்து விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு, "கழுவிட்டேன்ளா" என்பான். அவனை மறுபடி வாசலுக்குத் துரத்துவதே அவளுக்கு ஒரு வேலை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்துவிட்டு ஈ நேரே இங்கே வந்தார்.

"அண்ணாச்சி, கையக் கழுவிட்டு வாங்க."

"கழுவாம வருவேனா தாயி? இந்தா பாரு." செம்பைத் தொடாமலே இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக் காட்டினார்.

"தண்ணியே தொடலியே!"

"றெக்க நனைஞ்சா எனக்குச் சளி பிடிக்கும்லா."

உள்ளேயிருந்து கொம்பையா கத்தினான். "வந்தவர வாசல்லயே நிறுத்தி வச்சா ஊர்ல என்ன நெனைப்பாங்க? உள்ள விடுளா!"

பேச்சித்தாய்க்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஊர் என்றதும் ஒரு கணம் ஒதுங்கி வழிவிட்டாள். அது போதாதா? ஈ உள்ளே வந்து, குழந்தையின் கஞ்சிக் கிண்ணத்து விளிம்பில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

மறுநாளே குழந்தைக்கு வயிறு போகத் தொடங்கியது. கண் குழிந்துவிட்டது, அழக்கூடத் தெம்பில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைப் பேச்சித்தாய் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் கொம்பையா மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். ஒரு வழியாக ஒரு மத்தியானம், குழந்தை வாய் திறந்து வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் இருவருக்கும் போன உயிர் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "பிள்ளைக்கு மேலுக்கு முடியலியாமே? கேட்டதும் மனசு பொறுக்கல."

பேச்சித்தாய் எழுந்து வந்து செம்பைக் காட்டினாள். "கழுவும்."

"கழுவியாச்சு தாயி." ஈ மறுபடியும் வெறுங்கையைத் தேய்த்துக் காட்டினார்.

இதற்குமேல் ஒருத்தி எப்படித்தான் பொறுப்பாள்!

"தேச்சுக்கிட்டே இரும்! சாவுற வரைக்கும் உமக்கு இதுதான் வேல. உம்ம கைய இனி ஒருத்தரும் நம்பமாட்டாங்க. உம்ம விசாரிப்பும் ஒருத்தருக்கும் வேண்டாம்!"

பெற்றவள் வயிறெரிந்து சொன்ன சொல். ஈ கையை நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தார், 'ங்ஙொய்' என்றுதான் வந்தது. இந்த முறை விசிறியை எடுத்துக்கொண்டு அவரைத் துரத்தியது கொம்பையாதான்.

அன்று முதல்தான் ஈ எங்கே உட்கார்ந்தாலும் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, நாமும் கண்ட இடத்தில் அதை விரட்டுகிறோம். விரட்டிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கழுவியாச்சு" என்று சாப்பிட உட்காருகிறவர்களை என்ன செய்வது என்றுதான் எந்த வீட்டுப் பேச்சித்தாய்க்கும் இன்றுவரை தெரியவில்லை.