அப்பா விட்டுப்போன சங்கு

கடற்கரையில் ஆசீர் என்று ஒரு சங்கு நண்டு இருந்தது. சங்கு நண்டுகளுக்குச் சொந்த ஓடு கிடையாது. செத்துப்போன கடல் நத்தையின் சங்குக்குள் புகுந்துதான் பிழைப்பு. உடம்பு வளர வளர, பெரிய சங்குக்கு மாற வேண்டும்.

ஆசீரின் அப்பா சாகும்போது, "மகனே, இந்தச் சங்கு உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது.

ஆசீர் அதற்குள் புகுந்து பார்த்தது. பத்து ஆசீர் இருக்கலாம், அம்புட்டுப் பெரிசு! ஒரு அலை வந்து சங்கோடு உருட்டிவிட்டது. திரும்பத் தன் சங்குக்கே வந்தது. அதுவோ இடுப்பை நெரித்தது.

'அப்பா கொடுத்தது லொடலொடங்குது. என்னுது இறுக்குது. அப்போ எதுதான் என் சொத்து?'

ஒன்றும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவின் சங்கைக் கொடுக்கால் கவ்விக்கொண்டு காவல் இருந்தது.

அப்பாவின் தங்கை கிருபை அத்தை வந்தது. நல்ல பருமன்; இருந்த சங்கு அதற்குப் பற்றவில்லை. பின்னாலேயே பக்கத்துப் பாறை எஸ்தர் மதினி. அலை மோதி அதன் சங்கு நொறுங்கிப்போயிருந்தது. வயிற்றில் ஒட்டியிருந்த முட்டையெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏல மருமகனே, பெரிய சங்கை எனக்கு விடு! என்னுது உனக்கு, உன்னுது மதினிக்கு!"

"அதெப்படி அத்தை? என் பொறுப்புன்னுல்லா அப்பா சொன்னாரு! பொறுப்புன்னா காவல்தானே?"

"ஆளில்லாத சங்குக்குக் காவலா? நல்லாருக்கு!"

"அப்பா சம்பாதிச்சதாச்சே!"

"உங்க அப்பனா கட்டினான்? உள்ளே எட்டிப் பாருல!"

பார்த்தது. விளிம்பில் அப்பாவின் கால் தேய்த்த தடம். அதற்கடியில் வேறொரு தடம். அதற்கும் அடியில் இன்னொன்று.

"இதெல்லாம் யாரு அத்தை?" ஆசீருக்குத் தலை சுற்றியது.

"யாருக்குத் தெரியும்? ஆண்டவர் ஒரு நத்தையை வச்சுக் கட்டினாரு. வந்தவங்க இருந்தாங்க, விட்டுட்டுப் போனாங்க."

அப்போது மேலே கடல்காக்கா கத்தியது. அதன் நிழல் மதினிமேல் விழுந்தது.

"ஐயோ, என் பிள்ளைக!"

ஆசீருக்கு அப்பவும் முழுசாய்ப் புரியவில்லை. ஆனாலும் பிடியை விட்டுவிட்டது. அத்தை பெரிய சங்கில் பாய்ந்தது. ஆசீர் அத்தையின் சங்கில். மதினி ஆசீரின் சங்கில் முட்டையோடு சுருண்டுகொண்டது. காக்கா கொத்தியது. டொக்! அலகுதான் வலித்தது.

காக்கா பறந்தபின் ஆசீர் தலை நீட்டியது. "அத்தை, கடைசியில அப்பா சொத்து யாருக்குத்தான் வந்தது?"

"இடுப்பு வலிக்குதால?"

"இல்லையே!"

"மதினி பிள்ளைக?"

"பத்திரமா இருக்கு!"

"அப்புறம் என்னல கேள்வி!"

ஆண்டவர் கையில் தந்ததற்கு நாம் உக்கிராணக்காரரே, அதாவது பொறுப்பாளரே தவிர உடையவர் அல்ல. தேவைப்பட்டவருக்குப் போய்ச் சேரும்படி அதை விட்டுக்கொடுப்பதே நல்ல உயில்.