சுருளி கழுவிய செம்மண்

மருதங்காட்டுக் குளக்கரையில் சுருளி என்று ஒரு கீரி இருந்தது. பன்னிரண்டு வருஷம் கிழக்குக் கரை அணிக்கு விளாங்காய் கொண்டுபோன கீரி.

ஆட்டம் இதுதான். காய்ந்த விளாங்காயை எதிரணி பறித்துவிடாமல் கொண்டுபோய் மருதமரத்துப் பொந்தில் போட வேண்டும். போடுவது கரடி. எதிரணிக் காட்டுப்பன்றிகளின் காலுக்குள் நுழைந்து ஓடி, அதைக் கரடி கையில் சேர்ப்பது சுருளி. கைதட்டல் கரடிக்கு, மிதி சுருளிக்கு!

ஆடுகிறவர்கள் நெற்றியில் செம்மண் பூசிக்கொள்வார்கள். போதும் என்று தோன்றினால் குளத்தில் இறங்கிக் கழுவிவிட வேண்டும். அதன்பிறகு பூசக் கூடாது. பின்னங்கால் பிசகிப்போய், போன வருஷமே சுருளி கழுவிவிட்டது.

இந்த வருஷம், ஆட்டத்தையும் கிழக்குக் கரை அணியையும் நடத்தும் நரி சுருளியின் வளைக்கே வந்து நின்றது.

"சுருளியண்ணே! நீங்க இல்லேன்னா கூட்டமே வராது. ஒரே ஒரு ஆட்டம்!"

"செம்மண்ணைக் கழுவியாச்சே தம்பி."

"மழையில அழிஞ்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்!"

"மழையே பெய்யலையே!" என்றது உள்ளிருந்து வந்த சுருளியின் மனைவி பொன்னாயி. பிறகு புருஷன் பக்கம் திரும்பியது. "அந்தக் கால் இன்னொரு தடவை போச்சுன்னா, பாம்பு வர்றப்ப வாசல்ல யாரு நிக்கிறது? உள்ளே மூணு குட்டி கிடக்கு."

சுருளிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கூட்டம் தன் பெயரைச் சொல்லிக் கத்திய சத்தம் காதை விட்டுப் போகவில்லையே! செம்மண்ணைப் பூசிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

ஆடுகளத்தின் எல்லைக் கோட்டோரம் அதே அணி முள்ளம்பன்றி வேலாயி உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷமாகச் செம்மண் பூசிக்கொண்டு வந்து, பூசினபடியே வீட்டுக்குப் போகும். 'இவ முள்ளு நம்ம ஆளையே குத்தும்' என்று நரி அதை இறக்கியதே இல்லை. கோட்டோரம் இருப்பவர் கையில் காயைக் கொடுத்தால் கொடுத்தவர் வெளியே, வாங்கியவர் உள்ளே. அது பழைய வழக்கம். அந்த வேலாயிக்குத்தான் யாரும் கொடுத்ததில்லை.

"கால் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டது வேலாயி.

"இருக்கும்மா. கூடவேதான் இருக்கு."

ஆட்டம் தொடங்கியது. நாலுக்கு நாலு வரை வந்தது. கடைசிக் காய் சுருளியிடம். அப்போது பின்னங்காலில் சுருக்கென்று ஒரு வலி! மூன்று பன்றிகள் பாய்ந்து வந்தன.

"சுருளி! நீயே தாவிப் போடு!" என்று கூட்டம் கத்தியது.

வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுருளி பொந்தில் போட்டதில்லை. தாவினால் போட்டுவிடலாம். இறங்கும்போது அந்தக் கால் தாங்காது. வளை வாசல் கண்முன் வந்தது. 'ஆண்டவனே, வீடு போய்ச் சேர இந்தக் கால் எனக்கு வேணும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே காயைக் கோட்டோரம் உருட்டிவிட்டது.

"பிடி வேலாயி!"

"ஐயோ, அவளுக்கா?" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

வேலாயி காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முள்ளைச் சிலிர்த்தது. பன்றிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறின! நேரே கரடியிடம் போய்க் காயைக் கொடுத்தது. கரடி போட்டது. ஐந்து!

கூட்டம் வேலாயியைச் சூழ்ந்துகொண்டது. தூக்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. சுருளி இருந்த பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அது நொண்டி நொண்டிக் குளத்துக்குப் போய், நெற்றியை இரண்டு தடவை அழுத்திக் கழுவியது.

கரையில் பொன்னாயி நின்றிருந்தது.

"கால்?"

"இருக்கு."

"சரி, வாங்க. குட்டிங்க தேடும்."

இரண்டும் மெதுவாக நடந்தன.

பிள்ளைகளே, எத்தனை பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், நேரம் பார்த்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறவனுக்குத்தான் வீட்டுக்கு நடந்து போகக் கால் மிஞ்சும்.