கண்காணிப்பானுக்குத் தெரியாதவை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், அவர் மேஜையில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டாலும் கேளுங்கள். பொன்னாற்றங்கரையில் இருந்த அந்த நாட்டை ஆண்டவர் விடங்கராஜா. நல்ல மனுஷர், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் ஒருவருக்கு மாலை போடுவார். சாயங்காலம் அவரையே வேலையை விட்டுப் போகச் சொல்வார்.

அரண்மனைக் காரியமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. களஞ்சியத்துக்கு ஒரு செயலி, விளக்குகளுக்கு ஒரு செயலி, வைத்தியசாலைக்கு ஒன்று. இவற்றைப் பார்த்துக்கொண்டவர் மந்திரி தையல்நாயகி. எதற்கெடுத்தாலும் ராஜா அந்த அம்மாளைக் கூப்பிட்டே யோசனை கேட்பது அரண்மனை அதிகாரி சேதுராயருக்குப் பொறுக்கவில்லை.

அவர் தேடிப் பிடித்து, ‘கண்காணிப்பான்’ என்ற செயலி ஒன்றைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் நிறுவினார். கம்ப்யூட்டருக்குள் எந்தச் செயலி வேலை செய்கிறது, எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று பெயரும் படமுமாகத் திரையில் காட்டும். ராஜாவுக்கு ஏக சந்தோஷம். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க ஒன்று கண்ணில் பட்டது. சில செயலிகளுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. ‘இன்னதென்று தெரியவில்லை’ என்று மட்டும் இருந்தது.

சேதுராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். மந்திரியம்மா ராஜாவுக்குத் தெரியாமல் எதையோ உள்ளே வைத்திருக்கிறார், ஒன்று அவை வெறும் தண்டச்சோறு, இல்லாவிட்டால் வேவு பார்ப்பவை, உடனே அழித்துவிடுவது நல்லது என்று காதில் போட்டார். ராஜாவின் முகம் மாறிவிட்டது.

தையல்நாயகி வந்தார். அரண்மனைச் செயலிகளைச் சேர்த்துவைத்திருக்கும் கிடங்கு வழியாக நிறுவியவற்றை மட்டுமே கண்காணிப்பான் தேடிப் பார்க்கிறது, இவை வேறு வழியாக நிறுவப்பட்டவை, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை என்று விளக்கினார். அவற்றில் ஒன்று மலையணையில் தண்ணீர் ஏறினால் ஆற்றோர ஊர்களில் சங்கு ஊத வைப்பது, மழைக்காலத்தில் அதில் கைவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ராஜா காது கொடுக்கவில்லை. நாளைக் காலை சபையில் எல்லோர் முன்னிலையிலும் அவற்றை அழிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

மந்திரி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பணிவாகச் சொன்னார்: “அப்படியே ஆகட்டும், மகாராஜா. ஒரு விண்ணப்பம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விதி அரண்மனைக்கும் இருக்கட்டும். நாளை விடிந்ததிலிருந்து கிழக்கு வாசல் வழியாக வருகிறவர்களை மட்டும் காவலர்கள் தெரிந்தவர்களாக எடுத்துக்கொள்ளட்டும். வேறு வாசலில் வருகிறவர் யாராக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.”

ராஜா வாயைத் திறப்பதற்குள் சேதுராயர் முந்திக்கொண்டார். இதைவிட நல்ல விதி இல்லையென்று புகழ்ந்தார். கட்டளை போடப்பட்டது.

மறுநாள் நல்ல மழை. மழையென்றாலும் ராஜா ஆற்றுக் குளியலை விடமாட்டார். குளித்துவிட்டு வழக்கம்போல ஈர வேட்டியோடு ஆற்று வாசலுக்கு வந்தார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“என்னைத் தெரியவில்லையா?” என்றார் ராஜா.

காவலன் குனிந்து வணங்கினான், ஈட்டியை மட்டும் எடுக்கவில்லை. “தெரிகிறது, மகாராஜா. ஆனால் தெரியக்கூடாது என்று தாங்கள்தான் கட்டளையிட்டிருக்கிறீர்கள்.”

கூச்சல் கேட்டுச் சேதுராயர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். ராஜாவை உள்ளே விடச் சொன்னால் தாம் புகழ்ந்த விதியைத் தாமே உடைக்க வேண்டும். விடாவிட்டால் ராஜா மழையிலேயே நிற்பார். அவருக்குப் பின்னாலேயே தையல்நாயகி குடையோடு வந்து, அதை ராஜாவின் தலைக்கு மேல் பிடித்தார்.

“இந்த நாடு தங்களால்தான் நடக்கிறது. காவலனுக்குத் தெரியவில்லை என்பதால் தாங்கள் இல்லாமல் போய்விடவில்லை. வந்த வாசல் வேறு, அவ்வளவுதான். அந்தச் செயலிகளும் அப்படித்தான், மகாராஜா.”

கோபப்படுவதா சிரிப்பதா என்று ராஜா யோசித்துக்கொண்டிருந்தபோது ஆற்றின் மேற்குப் பக்கத்திலிருந்து சங்குச் சத்தம் வந்தது. முதலில் ஓர் ஊரில், அப்புறம் அடுத்த ஊரில். என்ன அது என்று ராஜா கேட்டார்.

“இன்று தாங்கள் அழிக்க இருந்த செயலி,” என்றார் தையல்நாயகி.

ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விதி ரத்து என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, எல்லாப் படகுகளையும் அனுப்ப உத்தரவிட்டார். மத்தியானத்துக்குள் செய்தி வந்தது. அணை நிரம்பி வழிந்து ஆற்று வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. வீடுகள் போயின, வைக்கோல் போர்கள் போயின. ஆனால் சங்கு கேட்டதுமே ஜனங்கள் ஆடுமாடுகளோடு மேட்டுக்கு ஏறிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சபை கூடியதும் ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கையில் கொடுத்தார். பிறகு சேதுராயர் பக்கம் திரும்பி, அவரை நாட்டை விட்டே அனுப்பப்போவதாகச் சொன்னார். தையல்நாயகி தடுத்தார். கண்காணிப்பான் நல்ல சாதனம்தான், எங்கெங்கே தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், அந்த வேலையைச் சேதுராயரே செய்யட்டும், ஒவ்வொரு செயலியும் யாருக்கு உதவுகிறது என்று விசாரித்து அவரே பெயர் சேர்க்கட்டும் என்றார். ராஜா ஒப்புக்கொண்டார்.

சேதுராயர் தலை குனிந்தபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அப்போது மேட்டிலிருந்து படகில் வந்த சிலரைச் சபைக்குள் அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, “அண்ணா” என்று கூப்பிட்டாள். சேதுராயரின் தங்கை பவழவல்லி. பிரசவத்துக்குப் பிறகு ஆற்றோரத்துப் புகுந்த வீட்டுக்குப் போனவள். சங்கு ஊதியபோது பிள்ளை தொட்டிலில் இருந்தது, தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது என்று சொல்லி அழுதாள்.

சேதுராயர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் தலை இன்னும் ஈரமாக இருந்தது. மேல்துண்டால் துவட்டினார். பிறகு நேராகத் தையல்நாயகியிடம் போனார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதை அழிக்கச் சொன்னவன் நான், அம்மா,” என்றார்.

குழந்தையை மந்திரியின் கையில் கொடுத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். அதைப் பார்த்து, விடங்கராஜாவும் சிம்மாசனத்தை விட்டு எழுந்து கைகூப்பினார்.